தாழ்வா மாட்டின பூ

இல்லக்கா, சமையலறைக் கதவுல இருக்கிற அந்தப் பூவளையம் தாழ்வா இல்ல. மாட்ட வேண்டிய எடத்துலதான் மாட்டியிருக்கேன். கழட்டாதீங்க, அப்படியே விட்டுடுங்க. இங்க வந்து உக்காந்து இந்தக் காகிதத்த மடிச்சுக் குடுங்க, புண்ணியமாப் போகும். மத்தியானம் சொந்தக்காரக் கூட்டம் மொத்தமும் வந்து எறங்கிடும். ஜன்னலுக்கு இன்னும் சரம் கோக்கவே இல்ல.

நான் அக்கான்னு கூப்பிடுறது அம்மா காதுல விழுந்தா திட்டுவாங்க. இன்னைலேர்ந்து அண்ணின்னுதான் கூப்பிடணுமாம், உத்தரவு. சாப்பாட்டுக்கு முன்னாடி எல்லாருக்கும் உங்களக் காட்டி, கல்யாணத் தேதியச் சொல்லப்போறாங்கல்ல. சொல்லட்டும், அப்புறம் பாத்துக்கலாம். நான் சட்டம் படிக்கிறவ. விசாரணை முடியாம தீர்ப்பு எழுதுற பழக்கம் எனக்கு இல்ல.

நடுவுல நல்லா அழுத்தி மடிங்க. ஆங், அப்படித்தான். என்ன காகிதமா? என்னோட பழைய கட்டுரைங்கதான். வாதம் அதிகம், ஆதாரம் கம்மின்னு எழுதிப் பேராசிரியர் திருப்பிக் குடுத்தது. பீட்ரூட் வேகவெச்ச தண்ணியில முக்கிக் காயவெச்சா இந்த நெறம் வந்துடும். இது முட்டை அட்டை, குழியக் குழியா வெட்டி ஓரத்தக் கிழிச்சுவிட்டா பூவாயிடும். பசை வெறும் மைதா. வளையத்துக்குப் பின்பக்க மரத்துலேர்ந்து குச்சி. பச்சையா இருக்கும்போதே வளைச்சுடணும், காஞ்சதுக்கப்புறம் வளைச்சா ஒடிஞ்சுதான் போகும்.

சிக்கனமா? ஆமாமா, ரொம்பச் சிக்கனம். வர்றவங்க எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க, காசே செலவில்லாம எவ்ளோ அழகுன்னு. நேத்து சாயங்காலத்துலேர்ந்து உக்காந்து முதுகு ஒடியுது, அது யாரு செலவு? பொம்பள செஞ்சா அது கைவண்ணம். ஆம்பள நாலு நாற்காலிய வாடகைக்கு எடுத்துட்டு வந்தா அது உழைப்பு. அண்ணன் வரட்டும், பாருங்க. பாவம் புள்ளைக்கு வேர்த்துடுச்சுன்னு விசிறிவிட எத்தன பேரு ஓடுறாங்கன்னு.

கோவிச்சுக்காதீங்க. வெரல் எல்லாம் பசை, வாய் ஒண்ணுதான் ஒட்டாம கெடக்கு. அதான் பேசிக்கிட்டே இருக்கேன்.

குளிர் போய் மரம் துளிர் விட்டதும் வருஷா வருஷம் எங்க வீட்டுலதான் கூடுவோம். வீடா தோட்டமான்னு கேப்பாங்க. போன வருஷம் பெரியப்பா ஒரு பூவ மோந்து பாத்துட்டு, வாசனை கூட வருதேம்மான்னாரு. அது பீட்ரூட் பெரியப்பா, வேணும்னா கடிச்சுப் பாருங்கன்னேன். சித்தி கத அத விட. அவங்க வீட்டுலயும் சமையலறைக் கதவுல இதே மாதிரி ஒரு பூவளையம், இதே மாதிரி தாழ்வா. ஏன் சித்தி இவ்ளோ கீழன்னு கேட்டா, உங்கம்மாகிட்ட கத்துக்கிட்டதுடி, இப்ப இதுதான் புது ரசனைன்னு எனக்கே பாடம் எடுக்கிறாங்க. எனக்குச் சிரிப்பு தாங்கல. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். அம்மா சிரிக்கல.

நடையில மாட்டியிருக்கிறதா? அது பழசு, வெளுத்துப்போச்சு. கழட்ட முடியாது. நெலக்கண்ணாடி மூலையில தொங்குற சரம் அதுக்கும் பழசு. மத்த வீட்டுல விசேஷம் வரும், அலங்காரம் பண்ணுவாங்க, முடிஞ்சதும் எடுத்துடுவாங்க. எங்க வீட்டுல பூ முதல்ல ஏறிடும், விசேஷம் அப்புறமாத்தான் வரும். ஏறின பூ எறங்கவும் எறங்காது.

அண்ணனா? நல்லவன்தான்க்கா. யாரக் கேட்டாலும் தங்கம்னு சொல்லுவாங்க. ஆபீஸ்ல ஒருத்தர்கிட்டயும் கொரல ஒசத்தினது கெடையாது. உங்ககிட்டயும் ஒசத்தியிருக்க மாட்டான், தெரியும். சிக்கனக்காரன். வெளிய எங்கயும் கோவத்த செலவு பண்ணமாட்டான், பத்திரமாச் சேத்து வீட்டுக்குக் கொண்டு வந்துடுவான்.

ஏன், மடிக்கிறத நிறுத்திட்டீங்க? மடிங்க.

போன வாரம் மழ பெஞ்சுதுல்ல, அப்பதான். அண்ணன் சட்டை காயல. அவ்ளோதான் விஷயம். அம்மா அந்தக் கதவுல சாஞ்சு நின்னுக்கிட்டு, மழைக்கு நான் என்னடா பண்ணுவேன்னாங்க. உடனே டக்குனு குனிஞ்சுட்டாங்க. பழக்கம்க்கா. கதவுக்குக் குனியத் தெரியாதே. மெல்லிசுப் பலகை வேற, அவன் கை அந்தப் பக்கம் வந்துடுச்சு. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறதுன்னு சொல்லுவாங்கல்ல, எங்க வீட்டுல பூவுல மறைப்போம். தச்சரக் கூப்பிட்டா எப்படிம்மா ஒடஞ்சதுன்னு கேப்பாரு. பூ கேக்காது. அன்னிக்கே அம்மா சொல்லிட்டாங்க, இந்த வருஷம் வளையத்தக் கொஞ்சம் பெருசாப் பண்ணுடீன்னு.

வரப்போறவங்ககிட்ட சொல்லிடுவோம்மா, அவங்க தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணட்டும்னு நான் சொன்னேன். கல்யாணம் ஆனா சரியாயிடுவான், வர்றவ பக்குவமாத் திருத்திக்குவாங்கிறாங்க. என்ன நியாயம் இது? பெத்து வளத்தவங்களால முடியாதத நேத்து வந்தவ வந்து செய்யணுமாம். காலேஜ்ல இந்த வாதத்தோட எவனாவது எந்திரிச்சா கிழிச்சுத் தொங்கவிட்டிருப்பேன். பேச்சுப்போட்டிக் கோப்பை எல்லாம் வாங்கியிருக்கேன், அதோ அலமாரி மேல தூசி படிஞ்சு கெடக்கு. ஆனா இந்த வீட்டுக்குள்ள நான் வாய் தொறந்தா இன்னொரு பூ செய்ய வேண்டி வருது. அலுத்துப்போச்சுக்கா. நெசமாவே அலுத்துப்போச்சு.

சித்திய நெனச்சுதான் நேத்தெல்லாம் தூக்கம் இல்ல. அது ரசனைதான்னு அவங்க சொன்னத அப்படியே நம்பிட்டேன். ஒரு தடவ அந்த வளையத்த நகத்திப் பாத்திருக்கலாம்.

வண்டிச் சத்தம் கேக்குது, அண்ணன்தான். நாற்காலி எல்லாம் எறக்கிட்டு உள்ள வரக் கொஞ்ச நேரம் ஆகும். சரி, அந்தக் காகிதத்தக் கீழ வெச்சுட்டு எந்திரிங்க. முன்ன கழட்டாதீங்கன்னேன்ல, இப்ப போய் அந்த வளையத்தத் தூக்கிப் பாருங்க. நல்லாப் பசை போட்டு ஒட்டிடுன்னு அம்மா சொன்னாங்க, நான் ஒட்டல. சும்மா ஒரு ஆணியிலதான் தொங்குது. பாத்துட்டு வந்து சொல்லுங்க, அக்காவா அண்ணியான்னு. நீங்க எது சொன்னாலும் நான் அப்படியே கூப்பிடுறேன்.

அப்புறம், நீங்க அம்மாவ விட கொஞ்சம் உயரம்க்கா. உங்களுக்குன்னா இத இன்னும் நாலு வெரல் மேல மாட்டணும்.