மெழுகு காயும்வரை

இந்த மனிதர் பூட்ஸுக்குத் தேங்காய் எண்ணெய் பூசுகிறார். பூசக்கூடாது. அந்த நேரத்துக்குப் பளபளக்கும். தெருவில் இறங்கியதும் தூசியெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். இவருக்கு இதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மனைவி இல்லாதவரோ என்னவோ.

இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் தேவசிகாமணி முன்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் உள்ளறையில், பாதி சாத்திய கதவுக்குப் பின்னால், புருஷன் போன பெண்பிள்ளை உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என் கண்ணுக்குத் தெரிவது அவருடைய பூட்ஸ் மட்டும்.

“பையச் சொல்லுங்கம்மா. அவசரமில்ல. அன்னைக்கு என்ன நடந்துச்சு?” என்றார்.

அன்றைக்கு நடந்ததை மட்டும் சொன்னால் தப்பாகப் புரியும். மோட்டார் கார் வந்த நாளிலிருந்து சொல்ல வேண்டும். சொன்னேன்.

மோட்டார் வந்த முதல் நாள், ஐயா, அதை மாடு குளிப்பாட்டுவது போலக் குளிப்பாட்டினார்கள். எங்கள் வீட்டில் அதுவரை இருந்த வாகனமெல்லாம் மாடு இழுத்தவைதான். வண்டிக்காரன் வைக்கோலைச் சுருட்டி, வயிற்றுப் பக்கம் அழுத்தித் தேய்த்தான். தேய்த்து முடித்துத் தட்டிக்கூடக் கொடுத்தான். வெயிலில் பார்த்தபோது கறுப்புப் பூச்சு முழுக்க மெல்லிய கீறல்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் உடம்பில் கீறியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது என்று நினைத்தது இன்னும் நினைவிருக்கிறது. மறுநாளிலிருந்து நானே பார்த்துக்கொண்டேன்.

எதைப் பூசுவது என்பது லேசான காரியமில்லை. அரப்பு தலைக்கு நல்லது. மோட்டாருக்கு ஆகாது, பொடியில் நரநரப்பு இருக்கும். பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கி, நுரையை மட்டும் வழித்துத் தடவினால் அழுக்கு தானாக இறங்கும். மோட்டாரின் பித்தளை விளக்குகளுக்கு வெறும் புளி போட்டால் அன்றைக்கு மினுங்கும், மறுநாள் கறுக்கும். புளிக்குப் பிறகு விபூதி போட வேண்டும், மல் துணியில் சலித்த விபூதி. சுவாமி அறையிலிருந்து எடுத்துவிட்டேன் என்று வீட்டுக்காரர் சத்தம் போட்டார். விளக்கைப் பார்த்ததும் அடங்கிவிட்டார்.

தோல் இருக்கைக்கு முட்டையின் வெள்ளைக்கரு போல ஒன்றும் கிடையாது. இதை எனக்குச் சொன்னவள் ஆசியா உம்மாள், எங்கள் மோட்டாரை ஓட்டும் முகம்மது இப்ராஹிமின் மனைவி. நாங்கள் சைவம். எங்கள் வீட்டு வாசல்படியை அதுவரை ஒரு முட்டையும் தாண்டியதில்லை. அவள் முந்தானையில் மறைத்துக் கொல்லைப்புறமாகக் கொண்டுவருவாள். முதல் தடவை, “யம்மா, திங்கவா கேக்கிய?” என்று சிரித்தாள்.

“சீட்டுக்கு” என்றேன்.

“நம்ம வீட்டுப் பிள்ளையளுக்குக் கிடைக்காதது, சீட்டுக்குக் குடுத்து வச்சிருக்கு” என்றாள்.

முட்டையைத் தொட்ட பிறகு ஒவ்வொரு தடவையும் தலை முழுகினேன். நான் எதிலும் கவனமில்லாதவள் என்று யாரும் சொல்ல முடியாது.

கடைசியில் மெழுகு. மதராஸிலிருந்து தருவித்த தகர டப்பாவில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியின் படம். உள்ளே மண்ணெண்ணெய் நாற்றம். துடைத்தால் இடுக்கெல்லாம் வெள்ளைப் பொருக்கு. அதை வீட்டுக் கதவின் கீலுக்கு வைத்துக்கொண்டேன். அம்பாசமுத்திரம் சந்தைக்கு மலைத்தேனோடு தேன்மெழுகும் வரும். அதை உருக்கி, டர்பன்டைன் ஊற்றி, ஒரு சிட்டிகை குங்கிலியப் பொடி சேர்த்துப் பூசினால் மழைத்துளி நிற்காமல் உருண்டு ஓடும். ஆனால் காலையில் பூசினால் விளக்கு வைக்கும் நேரம் வரை காய வேண்டும். அதற்குள் நனையக்கூடாது, கை படக்கூடாது. அது கேட்பது அவ்வளவுதான். துடைப்பதற்கு, வெளுத்து வெளுத்து நைந்த வேட்டிதான் சரி. வீட்டுக்காரரின் பழைய வேட்டிகள் தீர்ந்த பிறகு, புதியவற்றைக் கல்லில் அடித்து நானே பழசாக்கினேன்.

இதையெல்லாம் யாருக்காகச் செய்தேன் என்று கேட்பீர்கள். அவருக்காகத்தான். ஒரு நாள் கோயிலுக்குப் புறப்படும்போது அவர் மோட்டார்க் கதவின் முன் குனிந்து மீசையை ஒதுக்கினார். துணியோடு நான் பின்னால் நின்றேன். கதவில் அவர் முகமும், அவர் தோளுக்கு மேல் என் முகமும் தெரிந்தன. கலியாணமாகி இத்தனை காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சட்டத்துக்குள் நின்றது அதுதான் முதல் தடவை. “நல்லாத்தான் இருக்கு” என்றார். மோட்டாரைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டில் ஒன்று போயிருக்கும். அதற்குப் பிறகு அவர் வெளியூர் போன நாட்களிலும் அந்தக் கதவின் முன் போய் நிற்பேன். அதில் நான் மட்டும் தெரிவேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

மெழுகு பூசும் நாளில் மோட்டாரின் ஹேண்டிலை எடுத்து வைத்துவிடுவேன். அந்த வளைந்த இரும்பை முன்னால் செருகிச் சுழற்றினால்தான் மோட்டார் கிளம்பும். எடுத்து வைக்காவிட்டால், யாராவது கூப்பிட்டார்கள் என்று இப்ராஹிம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். வீட்டுக்காரர் கட்டிலில் இலவம்பஞ்சு மெத்தை. அதற்கு அடியில் வைப்பது வழக்கம். பகலில் அங்கே யாரும் படுப்பதில்லை.

அந்த ஐப்பசி நாளிலும் அங்கேதான் வைத்தேன். மழை பிடித்துக்கொண்டது. அவர் வயலிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து மெத்தையில் விழுந்தார். நான் எதையும் ஒளிக்கவில்லை, ஐயா. அது இருந்த இடத்தில் இருந்தது. அவராகத்தான் வந்து அதன்மேல் படுத்தார்.

டாக்டர் கிருபைராஜ் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். “குடல்வால் அழுகிக்கிட்டிருக்கு. ஆத்துக்கு அங்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் உடனே அறுத்தாகணும். மோட்டார் இருக்குல்லா, பெறவு என்ன? பொழச்சுக்கிடுவாரு” என்றார்.

இப்ராஹிம் ஓடிவந்தார். “யம்மா, ஹேண்டிலக் காணலியே.”

நான் விசிறிக்கொண்டிருந்தேன். “தேடிப் பாருங்க” என்றேன்.

கொட்டகை, அடுக்களை, பத்தாயம், கிணற்றடி என்று வீடே தேடியது. என் நாத்தனார் அன்னத்தாய் சுவாமி அறைப் பெட்டியைக்கூடக் கவிழ்த்தாள். நடுவில் அவர் புரண்டு, “ஏட்டி சொர்ணம், முதுகுல என்னமோ குத்துதுட்டி” என்றார்.

டாக்டர் முகம் மாறிவிட்டது. “வலி முதுகுக்கு ஏறிட்டு. இனித் தாமசிக்கக் கூடாது.”

நான் தலையணையைச் சரிசெய்தேன். என் மனதில் எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்தேன். ரோடு முழுக்கச் சேறு. காயாத மெழுகில் மழை பட்டால் திட்டுத் திட்டாக வெள்ளை பூக்கும். அவர் வேறு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். சீட்டுத் தோலில் புளிப்பு இறங்கினால் வெள்ளைக்கரு தாங்காது. அவருக்கும் கஷ்டம்தான், எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் விளக்கு வைக்கும் நேரம் என்பது ஒன்றும் தூரமில்லை.

“நாலு பேரு தள்ளினா கிளம்பிரும்” என்று இப்ராஹிம் வேலையாட்களைக் கூட்டினார். அப்போதுதான் நான் கட்டிலை விட்டு எழுந்தேன். கொட்டகை வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றேன். “தொடாதீங்க. தடம் விழும்” என்றேன்.

“பாவம், மூளை கலங்கிட்டு இவளுக்கு” என்று அன்னத்தாய் அழுதாள். வீட்டு அம்மாளை விலக்கிக்கொண்டு போக ஆண்கள் யாருக்கும் துணிவில்லை. வில்வண்டியைப் பூட்டச் சொன்னார்கள். மாடுகள் உழவில் இருந்தன. அவிழ்த்துக் கொண்டுவந்து பூட்டி, அவரைத் தூக்கிப் படுக்கவைத்துப் புறப்படத் தாமதமாகிவிட்டது. வண்டி ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது போய்விட்டாராம். நான் அப்போது கொட்டகையில் இருந்தேன். மெழுகு நன்றாகப் பிடித்திருந்தது.

ஒன்றை மட்டும் நான் மறந்துபோனேன். செத்தவர் படுத்த மெத்தையை எங்களில் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. மயானத்தில் வேலை பார்ப்பவரிடம் கொடுத்துவிடுவோம். துட்டி கேட்க வந்தவர்களால் வீடு நிறைந்திருந்தபோது சங்கிலிபூதத்தான் வந்து மெத்தையைச் சுருட்டினான். ஹேண்டில் கட்டில் பலகையில் உருண்டு தரையில் விழுந்தது.

“தாயி, இரும்பு கெடக்கே. இதும் எனக்குத்தானா?” என்றான்.

இப்ராஹிம் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். “என்னட்டி இது?” என்றாள் அன்னத்தாய். அவள்தான் உங்களுக்கு ஆள் அனுப்பியிருக்கிறாள். நான் அதை எடுத்து முந்தானையால் துடைத்தேன். விழுந்ததில் நுனி கொஞ்சம் நசுங்கியிருந்தது. அவ்வளவுதான், ஐயா.

கதவுக்கு அப்பால் பூட்ஸ் அசையவே இல்லை. பிறகு இன்ஸ்பெக்டர் கேட்டார்: “ஹேண்டில் எங்கன்னு உங்க வீட்டுக்காரரு உங்ககிட்டக் கேட்டாராம்மா?”

“கேட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் பொறுங்க, கிடைச்சிரும்னு சொன்னேன். ஒண்ணும் பேசாம கண்ண மூடிக்கிட்டாங்க. அவுகளுக்குப் புரிஞ்சிட்டு.”

இன்ஸ்பெக்டர் எழுந்தார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை. “நீங்க பாளையங்கோட்டைக்கு வரணும்மா. உங்கள நடத்திக் கூட்டிட்டுப் போனா தெருவே வேடிக்கை பாக்கும். இப்ராஹிம் ஓட்டட்டும், உங்க மோட்டாருலயே போயிருவோம். அந்த ஹேண்டில இங்கன குடுங்க.”

ஹேண்டில் என் மடியில்தான் இருந்தது. ஓட்டின்மேல் தூறல் விழ ஆரம்பித்திருந்தது. விடியுமுன் யாருக்கும் தெரியாமல் கொட்டகைக்குப் போய் அடுத்த பூச்சைப் பூசிவிட்டு வந்திருந்தேன். அது இவருக்கு எப்படித் தெரியும்? பூட்ஸைப் பார்த்தேன். விளிம்பெல்லாம் சேறு.

முந்தானையை இழுத்து ஹேண்டிலை மூடிக்கொண்டேன்.

“வேண்டாம்யா” என்றேன். “நான் நடந்தே வாரேன்.”