சாவி தம்புள்ளைக்குப் போயிருக்கு

இல்ல டீச்சர், சாவி தொலையல. சாவி பத்திரமாத்தான் இருக்கு. தம்புள்ளைக்குப் போயிருக்கு, அவ்வளவுதான். சாவின்னா எங்க வீட்டுக்காரர்ட வலது கை. கை தனியாப் போகாதுதானே, அதனால அவரும் கூடப் போயிருக்காரு.

சிரிங்க, சிரிங்க. இந்தப் பலாபத்வல ஊரு முழுக்க சிரிச்சு முடிச்சிருச்சு. நீங்க போன மாசம் வந்தவங்க, உங்களுக்கு மட்டுந்தான் பாக்கி இருந்திச்சு.

இந்தப் படியில கொஞ்சம் உக்காந்துக்கவா? புள்ள இப்பதான் தூங்கினான், எனக்குத் தோள் கழண்டு விழுது. மாமி, அவர்ட உம்மா, அங்கயே இருக்கட்டும். கேட்டுக்கிட்ட ஒரு கதிரை கெடைச்சாப் போதும் அவங்களுக்கு, ரோட்டப் பாத்துக்கிட்டு தஸ்பீஹ் மணி உருட்டிக்கிட்டு இருப்பாங்க. காது கொஞ்சம் மந்தம். நாம பேசுறது கேக்காது. கேக்காதுன்னுதான் நெனைக்கிறேன்.

நான் லேசுல யாரோடயும் பேசுற ஆள் இல்ல டீச்சர். எட்டாம் வகுப்போட நின்டவ, படிச்சவங்களக் கண்டா வாய் ஒட்டிக்கிரும். நீங்க வந்த நாள்லயிருந்து வேலிக்கு மேலால ஒரு வார்த்த பேசணும்னு வருவேன், வந்துட்டு அப்பிடியே உள்ளுக்குப் போயிருவேன். இன்டைக்குப் போறதுக்கு உள்ளு இல்லையே.

என்ன கேட்டீங்க… ஆ, கை. இங்க, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவுல மெத்துன்னு ஒரு இடம் இருக்குதானே, அந்தத் தோலுக்குக் கீழ ஒரு சிப்பு. அரிசி மாதிரி சின்னது, கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருக்கு. பூட்டுக்கிட்ட கையக் கொண்டு போனா டிங்குன்னு ஒரு சத்தம். கதவு தெறந்துரும். அவரு கடைகளுக்குக் கேமரா பூட்டுற வேலதானே செய்றாரு, அந்த யூடியூப்பு இந்த யூடியூப்புன்னு எதையாவது பாத்துக்கிட்டே இருப்பாரு. இன்டைக்கும் தம்புள்ள மரக்கறி மார்க்கட்டுல யாரோ முதலாளிட கேமரா கண்ணு மூடிக்கிச்சாம், அதத் தெறக்கப் போயிருக்காரு. வீட்டு வாசல் மூடிக்கிடக்கு.

சிப்பு ரெண்டாவது டீச்சர். மொதல்ல போட்டது காந்தம்.

சத்தியமா. மோதிர விரல் நுனியில. கண்டியில வெள்ளக்காரங்களுக்குப் பச்ச குத்துற றுஸ்தின்னு ஒரு கூட்டாளி, அவன்தான் கீறி வச்சுத் தச்சு விட்டான். எதுக்குன்னு கேட்டேன். கரண்டு ஓடுறது விரலுக்குத் தெரியுமாம். தெரிஞ்சு என்ன செய்ய? கரண்டு பில்லு குறையுமான்னு கேட்டேன். அதுக்குப் பொறகு என்ட தலைச் சாலுக்குக் குத்துற பின்னு ஒன்னும் வீட்டுல நிக்கிறதில்ல. நான் கண்ணாடிக்கு முன்னால நின்டு பின்னத் தேடுவேன், அது அவர்ட விரல்ல தொங்கிக்கிட்டு இருக்கும்.

அதவிடப் பெரிய வேல, வெள்ளிக்கெழம ஜும்ஆவுக்குப் போய் பள்ளி உண்டியல்ல காசு போட்டிருக்காரு. இப்ப வார புதுக் காசெல்லாம் காந்தத்துல ஒட்டுதுதானே. போட்ட காசு விரலோட திரும்பி வந்திருக்கு. ஒதறினாராம், விழல. பின்னால நின்ட ஜைனுதீன் நானா, "போட மனசில்லாட்டி விடுங்க தம்பி, அல்லாஹ்வோட விளையாடாதீங்க"ன்னு சொல்லியிருக்காரு. வீட்டுக்கு வந்து சோறு கூடத் திங்கல மனுஷன். ஆனா விடுவாரா? அடுத்த மாசம் சிப்பு வந்திருச்சு, பார்சல்ல, ஊசியோட.

ஊசின்னா ஊசியா அது. பக்கெட் பாலுக்குக் குத்துற குழாய் மாதிரி மொத்தம். இல்ல, அவ்வளவு நோவு இல்ல… குத்தக்குள்ள கட்டெறும்பு கடிச்ச மாதிரித்தான், பொறகு ரெண்டு நாளைக்குப் புள்ளயத் தூக்கினா மட்டும் விண்ணு விண்ணுன்னு இழுக்கும்… அவரு சொன்னாரு. அவருதான் சொன்னாரு.

சரி, இது வரைக்கும் பரவால்ல டீச்சர். எங்க வீடு ரெண்டாப் போனது சிப்பால இல்ல, அவர்ட வாயால. மாமி கட்டுப் போட்ட கையப் பாத்துட்டு அழத் தொடங்கிட்டாங்க. ஒத்த மகன்தானே. மஹ்ரூப், மஹ்ரூப், என்னடா கையக் கெடுத்துக்கிட்டேன்னு. இவரு ஆறுதல் சொல்லப் போறாராம். சொன்னாரு பாருங்க: "பயப்படாதீங்க உம்மா, இது ஒன்னும் செய்யாது. வெளிநாட்டுல நாய்க்கெல்லாம் போடுறாங்க."

நாய்க்கு.

உங்களுக்கு விளங்காது டீச்சர், எங்கள்ல நாய்ட எச்சில் பட்டா அந்த இடத்த ஏழு தரம் கழுவணும், அதுல ஒரு தரம் மண்ணால. மாமிட அழுக அப்பிடியே நின்டிருச்சு. நாய்க்குப் போடுற சாமானையாடா, என்ட மகன், சோறு திங்கிற கையில போட்டுக்கிட்டேன்னாங்க. ஏழு தரம் கழுவ வச்சாங்க. கழுவினாரு. சாமான் உள்ளுக்கில்ல இருக்கு, வெளிய கழுவி என்னத்துக்குன்னு பொறகு அவங்களே கேட்டாங்க. பள்ளியில தொழுவிக்கிற ஹஸரத் வீட்டுக்கு வந்து, இதுல நாயும் இல்ல நரியும் இல்ல, இது வெறும் கண்ணாடின்னு சொல்லிப் பாத்தாரு. ஹஸரத்துக்குக் கரண்டு வேலயப் பத்தி என்ன தெரியும்னு அனுப்பிட்டாங்க.

அன்டையிலயிருந்து அவருக்கு வேற பீங்கான், வேற கோப்ப. உம்மாவும் மகனும் ஒரே சகன்ல, ஒரே பெரிய தட்டுல, உக்காந்து சாப்பிட்டவங்க டீச்சர். இறைச்சித் துண்ட அவங்க இந்தப் பக்கம் தள்ளுவாங்க, இவரு அந்தப் பக்கம் தள்ளுவாரு, கடைசியில நான் எடுத்துத் திம்பேன். இப்ப அவரு குசினி மூலையில, அவங்க முன் அறையில. நடுவுல நான் கறி ஆணச் சட்டியத் தூக்கிக்கிட்டு நடக்குறேன். அவரு தொட்ட தண்ணியக் கூட மாமி குடிக்கமாட்டாங்க. என்ட கையால தந்தா மட்டுந்தான். போன கெழம என்ட ரெண்டு கையையும் பிடிச்சு முகர்ந்துட்டு, "பர்ஸானா, இந்த வீட்டுல சுத்தமான கைன்னா உன்ட கை மட்டுந்தான் மகள்"னாங்க. இதுவும் இல்லாட்டி ரத்தோட்டைக்கு, மகள் வீட்டுக்குப் போயிருவேன்னாங்க.

எனக்கு உம்மா இல்ல டீச்சர். என்னய மகள்னு கூப்பிட வேற யாரும் இல்ல.

என்ன? பூட்டுக்கு வேற வழியா… இருக்கு, இருக்கு. பூட்டுல காட்டுறதுக்கு ரெண்டு அட்டை கூடவே வந்திச்சு, எனக்கொன்னு மாமிக்கொன்னு. நூல்ல கோத்துக் கழுத்துல போட்டுக்கத்தான். ரெண்டும் உள்ளுக்கு ஆணியில தொங்குது. மீன்காரர்ட ஹோன் சத்தம் கேட்டு நான் ஓடி வந்தேன், சாளையா பாறையான்னு பாக்க மாமியும் பின்னாலயே வந்தாங்க, காத்துக்குக் கதவு அடிச்சுக்கிச்சு. அட்டைய எடுக்க மறந்துட்டேன். ரெண்டு கெழமயா மறந்துக்கிட்டுத்தான் இருக்கேன்…

இல்ல, அப்பிடியெல்லாம் ஒன்னுமில்ல. கை சும்மா அரிக்குது.

அவர மட்டும் ஏசவும் ஏலாது, அதையும் சொல்லணும். பழைய பூட்டு இருந்த காலத்துல அவரு சாவியத் தொலைக்காத நாள் இல்ல. ஒரு நாள் நல்ல மழை, இவன் ஒரு மாசப் புள்ள, நான் வாசல்ல நனைஞ்சுக்கிட்டு நிக்கிறேன், அவரு ஒவ்வொரு பையாத் தட்டிக்கிட்டு நிக்கிறாரு. ஆத்திரத்துல நான்தான் சொன்னேன், "அந்தச் சாவிய உங்க கைக்குள்ளயே வச்சுத் தச்சுக்கங்க"ன்னு. ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே டீச்சர்? எத்தனையோ சொல்லியிருக்கேன். கூரைய மாத்தச் சொன்னேன், யன்னலுக்கு வல அடிக்கச் சொன்னேன், ஒன்னும் காதுல ஏறல. இது மட்டும் ஏறிருச்சு.

ஐயோ, இவன் அசையுறான். முழிச்சான்னா பால் போத்தல் வேணும், போத்தல் உள்ளுக்கு. வாயத் தெறந்தான்னா உங்க ரோசாப்பூவெல்லாம் கொட்டிரும்.

டீச்சர்… கொஞ்சம் கிட்ட வாங்க. மாமி இந்தப் பக்கம் பாக்குறாங்களா? இல்லையே?

இதத் தொட்டுப் பாருங்க. என்ட இடது கை. இங்க. உருளுதா?

பார்சல்ல ரெண்டு இருந்திச்சு.

அப்பிடிப் பாக்காதீங்க. நான்தான் கேட்டேன், அவரு வேணாம்னுதான் சொன்னாரு. ஒரு இடுப்புல புள்ள, மத்தக் கையில மரக்கறிப் பை, அட்டைய எந்தக் கையால எடுக்குறது? அது மட்டும் இல்ல… எப்பிடிச் சொல்றது. சின்னதுலயிருந்து நான் பேசினா யாரும் திரும்பிப் பாத்தது இல்ல டீச்சர். இந்தக் கதவு, நான் கைய நீட்டினதும் டிங்குன்னு தெறக்குது. நான் சொல்லிக் கேட்ட மொத சாமான் அதுதான். மொத நாள் மாமி தூங்கக்குள்ள சும்மா சும்மா போய் தெறந்து தெறந்து பாத்தேன்.

சோறு திங்கிற கை இல்லையே, இடது கைதானே. அவருக்கு அந்த யோசன கூட வரல. ஆனா ரொட்டிக்கு மாப் பெசையுறது ரெண்டு கையாலயும்தானே. ரெண்டு கெழமயா மாமி அதத் தின்டுக்கிட்டு, உன்ட கையில என்னமோ இருக்கு மகள்னு சொல்றாங்க.

இப்ப பின்னேரத் தொழுகைக்கு, அஸர் பாங்கு சொல்லப் போறாங்க. தொழுகைக்கு முன்னால மாமி கை கால் கழுவுவாங்க, ஒழுன்னு சொல்றது. உங்க பின் பைப்படிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க டீச்சர். நான் தெறந்துட்டு, காத்துக்குத் தெறந்திருச்சுன்னு சொல்லிக்கிறேன். காத்துக்கு அடிச்சது காத்துக்குத் தெறக்காதா?

அந்தா, பாங்கு. மாமி, டீச்சர் தண்ணி காட்டுவாங்க, போய்ட்டு வாங்க. படி இருக்கு, மெதுவா… என்ன மாமி?

…

டீச்சர், மாமி சொன்னதக் கேட்டீங்களா? நில்லுங்க டீச்சர், நீங்க எதுவும் சொல்லலதானே? அட்டை ரெண்டு கெழமயா ஆணியில தொங்குதாம். அவங்க காதுதான் மந்தமாம், கண்ணு குருடு இல்லையாம். அவங்க கழுவிட்டு வாறதுக்குள்ள நான் கதவத் தெறந்து, புள்ளைக்குப் பாலக் குடுத்து, தேத்தண்ணி ஊத்தி வைக்கட்டாம்.

கைய ஏழு தரம் கழுவிட்டு ஊத்தட்டாம்.

டீச்சர்… உங்க ரோசாச் சட்டியிலயிருந்து கொஞ்சம் மண்ணு எடுத்துக்கவா?