குலுக்கலில் விழுந்த அணி

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் பக்கத்து வரிசைக்காரரிடம் சொன்னதைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

“சார், உங்க பேச்சக் கேட்டதுலேருந்து எம்பொண்ணப் பாத்தாலே பயமா இருக்குங்க.”

அவர் விழித்தார்.

“திருவிழா பட்டிமன்றத்துல பேசுன விலங்கியல் வாத்தியார்தானே நீங்க? குணமெல்லாம் மரபணுவுல வருது, வளர்ப்பால மாத்த முடியாதுன்னீங்க. அவ அப்பன் கைநீட்டுறவன். அதனாலதான் பிரிஞ்சு வந்தேன்.”

“அய்யோ, அம்மா! அன்னிக்குக் குலுக்கிப் போட்டதுல எனக்கு அந்த அணி விழுந்துச்சு. அடுத்த மாசமே ஆண்டிமடத்துல, எல்லாம் வளர்ப்புதான்னு பேசுனேன். அங்கயும் கைதட்டுனாங்க.”

“அப்ப எதுங்க நெசம்?”

“விஞ்ஞானிங்களே ஒரு காலத்துல பிறவின்னாங்க, அப்புறம் வளர்ப்புன்னாங்க. இப்ப ரெண்டும் கலந்துதாங்கறாங்க. இந்தப் புள்ள இப்படித்தான் ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா.”

அந்தப் பெண் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

“நேத்து சாப்பாட்டுத் தட்டத் தூக்கி வீசுனாளே, சார்?”

“பசியா இருந்திருக்கும்.”

“ஆமாங்க,” என்று சிரித்துவிட்டார். “நாந்தான் சோறு போட லேட்டாக்கிட்டேன்.”