மகனுக்கு எழுதிய லீவு

"என்ற மருமவளுக்கு மருந்தே எழுதலீங்க அந்த டாக்டரம்மா. என்ற மவனுக்கு லீவு எழுதிப்போட்டாங்க!"

சேலத்திலிருந்து பரமத்தி வேலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த ஒரு அம்மாள், பக்கத்தில் வெற்றிலைக் கூடையோடு நின்ற பெண்ணிடம் சொன்னார். படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துவிட்டேன். அவருடைய மருமகள் சன்னலோரம் வெளியே பார்த்தபடி இருந்தாள்.

"லீவுங்களா? எதுக்குங்க?"

"கண்ணாலமாயி மூணு வருசமாச்சு, இன்னும் ஒண்ணுமில்லீங்க. போகாத கோயிலில்லை. என்னென்னமோ பச்சிலையெல்லாம் அரைச்சு இவளுக்குக் குடுத்தேன். வேற பொண்ணு பாருன்னு சொந்தத்துல பேசவே ஆரம்பிச்சுட்டாங்க. அதான் டாக்டரம்மாகிட்டக் கூட்டியாந்தேன். பையன் எங்கேன்னு கேட்டாங்க. ரிக்கு வண்டியோட ஒரிசாப் பக்கம் போர்க்கெணறு போடப் போயிருக்கானுங்கன்னேன். எப்ப வருவான்னாங்க. தீவாளிக்கு வந்துட்டுப் போனா, அடுத்த தீவாளிக்குத்தான் வருவானுங்கன்னேன்."

"அதுக்கு என்னங்க சொன்னாங்க?"

"சிரிச்சுப்போட்டாங்க. மொதல்ல ரெண்டு பேரும் ஒரு வருசம் ஒண்ணா இருக்கட்டும், அப்பவும் கரு தங்கலீன்னா அவனையுங் கூட்டிட்டு வாங்க, ரெண்டு பேரையுந்தான் பாக்கோணும்னுட்டாங்க."

"ரிக்கு மொதலாளி லீவு குடுப்பாருங்களா?"

"மொதலாளியே என்ற தம்பிதானுங்க. குடுக்காம எங்க போறான்? அவனுக்கு மட்டும் நாலு புள்ளைங்க இருக்குதுல்ல!"

மருமகள் முதல் முறையாகத் திரும்பினாள்.

"அந்த மாமா எப்பவும் ஊட்லயேதானுங்களே அத்தே இருக்காரு."