தலைகீழாய்ப் புரண்ட மலையைத் திருத்தி எழுதியவருக்கு

கடலடியில் பிறந்து முகிலடியில் நிற்கும் மலைத்தொடருக்கு முப்பத்து நான்கு ஆண்டுகள் வரலாறு எழுதிய நிலவியல் பேரறிஞரே! சேறு காயாத காலணியோடு அலுவலகப் படியேறி, பெருக்குபவரிடம் அன்றாடம் திட்டு வாங்கும் எங்கள் சுத்தியல் அக்காவே! இன்று பணி ஓய்வு பெறும் உங்களுக்கு வணக்கம்.

மணலும் வண்டலும் சிப்பிச் சுண்ணமும் அலைகடல் அடியில் அடுக்கடுக்காய் அமர்ந்து, அழுந்தி, கல்லாய் இறுகி, நகம் வளரும் வேகத்தில் நகர்ந்து வந்த இரு பெருநிலங்கள் முட்டிய முட்டலில் மடிந்தும் நெளிந்தும் வானளாவ எழுந்த கதையை நீங்கள் சொல்லித்தான் கேட்டோம். பனிமூடிய உச்சியில் பொறுக்கிய கடற்சிப்பியை எங்கள் உள்ளங்கையில் வைத்தீர்கள். கணக்குப் பிரிவினர்கூட அன்று பேரேட்டை மூடிவிட்டு அதைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றார்கள்.

உங்கள் குணநலன்களை அடுக்க ஆசைதான். ஆனால் அடுக்கத் தொடங்கினாலே, ஜீப்பின் முன்சீட்டு எப்போதும் கல்லுக்குத்தான், மனிதர்களுக்குப் பின்சீட்டு என்று ஓட்டுநர் குறுக்கே வந்து குறைபட்டுக்கொள்கிறார். எனவே ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

கிழக்குச் சரிவின் வரைபடம் நீங்கள் இளவயதில் வரைந்தது. கீழடுக்கு மூத்தது, மேலடுக்கு இளையது என்ற பாலபாடத்தின்படி வரைந்த அது, வரவேற்பறையை அலங்கரித்தது. அச்சரிவில் கூரைபோல் நீண்ட பாறையின் நிழலில்தான் ஆண்டுதோறும் நம் மதிய உணவு. சுவரையெல்லாம் தட்டிப் பார்த்த நாம் ஒருவரும் அண்ணாந்து பார்த்ததில்லை. சென்ற ஆண்டு முதுகுவலி தாளாமல் நீங்கள் மல்லாந்து படுத்தபோது, கூரை முழுக்கச் சின்னஞ்சிறு குழிகள். என்றோ கடல் பின்வாங்கிய கரையின் ஈரச் சேற்றில் மழைத்துளிகள் பதித்தவை. மழை மேலிருந்துதானே விழும்? அப்படியானால் அந்தக் கூரை ஒருகாலத்தில் தரை. மடிப்பில் சரிவு முழுவதும் தலைகீழாகப் புரண்டிருக்கிறது. வரைபடத்தில் மூத்தது இளையதாகவும் இளையது மூத்ததாகவும் இருந்தது.

ஓய்வுக்குப் பதினொரு மாதமே இருந்தது. அடுத்து வருபவர் திருத்திக்கொள்ளட்டும், நல்ல பெயரோடு போங்கள் என்றார் இயக்குநர். வெட்கத்தோடு சொல்கிறோம், நாங்களும் தலையாட்டினோம்.

"மலையே புரண்டு படுத்திருக்கு சார். அது தெரியாம நான் இத்தனை வருஷம் நிமிர்ந்து நடந்திருக்கேன். என் பேரைப் போட்டே தப்புன்னு எழுதுங்க."

சொன்னதோடு நிற்காமல், முதுகுவலிக்குக் கட்டிய இடுப்புக் கச்சையோடு மறுபடி மலையேறினீர்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் பெய்த ஒரு தூறல் உங்கள் பெருமையைக் கரைத்தது. நீங்களோ அதைப் பார்க்கக் கொடுத்து வைத்தேன் என்று குழந்தைபோல் மகிழ்ந்தீர்கள். மலையைக் கண்டு வியந்த நாங்கள் அன்று உங்களைக் கண்டு மலைத்துப்போனோம்!

புதிய வரைபடம் நேற்று அச்சாகி வந்தது. பழையது பிழை என்ற குறிப்பு, உங்கள் பெயரோடு, ஓரத்தில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு நாளைக் காலை மலையேறுகிறோம், அக்கா. அதிலும் பிழை இருக்கிறதா என்று தேடத்தான். நோய்நொடி அண்டாமல் நெடுங்காலம் வாழுங்கள். நாங்கள் ஒரு பிழையோடு உங்கள் வாசலுக்கு வரும் நாளில், கதவைத் திறந்து எங்களோடு சண்டை போட நீங்கள் இருக்க வேண்டும்.

என்றும் உங்கள்,
வரைபடப் பிரிவினர், ஆய்வுக்குப் பாறை அறுப்போர், ஓட்டுநர்கள், அலுவலகத்தார் அனைவரும்