மறக்க விடு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவளின் மடியில் ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை தூங்கியது.

"உம் பொண்ண மறக்க விடுடி" என்றாள் மூத்தவள்.

"எதுக்குக்கா?"

"நம்ம ஸ்பெஷல் ஸ்கூல்ல, லீவு வுட்டா கத்துக்கினத மறந்துட்ற புள்ளைங்களுக்குத்தான் மே மாசம் ஸ்பெஷல் கிளாஸு. எம் பையன் பொங்கல் லீவுல ஸ்பூன் புடிக்கிறத மறந்துட்டான். அவனுக்குக் கெடச்சிடுச்சி."

"இவ தண்ணி, சோறுன்னு வாயால கேக்கறத மறக்கல. அதான் கிளாஸ் வேணாம்னுட்டாங்க."

"எப்பிடி மறப்பா? லீவு பூரா நீ பாடம் நடத்திக்கினு இருந்தியே, பெரிய டீச்சரு!"

"களையெடுக்கக்கூடப் போவாம ஊட்லயே கெடந்தேங்கா. மே மாசம் மல்லாட்டைச் செடி புடுங்குற கூலி வேலை. அதையும் வுட்டுட்டு எப்பிடி இருக்கறது? முடியலக்கா."

"அப்ப வர்ற ஈஸ்டர் லீவுல ஒண்ணும் சொல்லித் தராத. இவ மறந்தா கிளாஸ் கெடைக்கும். லீவு முடிஞ்சதும் மறுபடி பாக்கறேன்னு டீச்சர் சொன்னாங்க."

"மறந்தது திரும்ப வரலன்னா?"

"வரும்டி" என்றாள் மூத்தவள், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

இளையவள் சரி என்று தலையாட்டினாள்.

விக்கிரவாண்டி தாண்டியதும் குழந்தை விழித்து, தண்ணீர் பாட்டிலை நோக்கிக் கையை நீட்டியது. அம்மா பாட்டிலை எடுத்தாள். ஆனால் கொடுக்கவில்லை.

"என்ன வேணும்? சொல்லு."

குழந்தை வெகுநேரம் உதட்டை அசைத்தது.

"தண்ணி."

"நல்லா மறக்க வுட்ட, போ" என்றாள் மூத்தவள்.