எல்லாம் மச்சான் பஸ்

மட்டாஞ்சேரி படகுத்துறையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். பச்சை முக்காடு போட்டவள் துக்கம் சொல்வது போலச் சொன்னாள்:

"ரெண்டு நாளா எந்த ரோட்டுல பார்த்தாலும் எங்க மச்சான் பஸ்ஸா வந்துச்சு. இன்னிக்கு ஒண்ணுமே வரலடீ."

நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

"அந்த பஸ் ஓட்டுற கேம்லயா?" என்றாள் கூட வந்தவள்.

"ஆமா. அக்கா மாப்பிள்ளை ஓட்டுற திருப்பூணித்துறை பஸ்ஸை அப்படியே செஞ்சு, கேமோட ஒரிஜினல் பஸ் ஃபைல் மேலயே போட்டுட்டேன். எதிர்ல வர்றது, ஸ்டாண்டுல நிக்கிறது, எல்லாமே மச்சான் பஸ் ஆயிடுச்சு. நேத்து ராத்திரி அப்டேட் வந்துச்சு. அப்புறம் கேம் திறக்கவே இல்ல."

"தனி ஃபோல்டர்ல வச்சிருந்தா அதை மட்டும் எடுத்துடலாமே! உன் ஜூ டவுன் பழம்பொருள் கடையில பழைய கதவுல யாராவது ஆணி அடிச்சா சும்மா விடுவியா?"

"கையை ஒடிப்பேன்."

"ஒரிஜினலை காப்பி எடுத்து வச்சியா?"

"இல்ல. சாயங்காலம் மச்சான் கூட்டுக்காரங்களோட வர்றாரு, அவர் பஸ்ஸை ஓட்டிப் பார்க்க. சாயா குடுத்து எவ்வளவு நேரம் உட்கார வைக்கிறது? என்னடீ சொல்ல?"

படகு வந்தது. ஏறிக்கொண்டே மற்றவள் சொன்னாள்:

"பஸ் ஸ்டிரைக்குனு சொல்லு. அவர் ஒரு கேள்வியும் கேட்க மாட்டாரு."